வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியாவில் குழந்தை தத்தெடுக்க: செட்டிநாட்டு வீடுகளில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் தம்பியும் அவன் மனைவியும் அமெரிக்கக் குடிமக்கள். 2021 ஆவணியில் தத்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2024 தை மாதம் மகளோடு விமானம் ஏறினார்கள். நடுவில் இருந்த இரண்டே கால் வருடத்துக்கும் மேலான காலத்தில் காகிதம் தேடியது, நகல் எடுத்தது, அலுவலகம் அலுவலகமாகக் கேட்டு அவர்களுக்குச் சொன்னது எல்லாம் காரைக்குடியில் இருந்த நான்தான்.

விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து போன் நிற்கவில்லை. தேவகோட்டை, பள்ளத்தூர், கோனாபட்டு, பொன்னமராவதி என்று எங்கிருந்தோ ஒரு ஆத்தாவோ அப்பச்சியோ (எங்கள் பக்கம் அம்மா, அப்பாவை இப்படித்தான் சொல்வோம்) கூப்பிடுகிறார்கள். பிள்ளை வெளிநாட்டில் இருக்கும்; கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கும். "ஆச்சி, நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. விதிகள் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளை ஒட்டியவை. கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நமக்குப் புதுசா? பெரியவர்களை வைத்து மஞ்சள் நீர் கொடுத்துக் கூட்டிக்கொண்டால் போதாதா?

புதிது இல்லை. நம் நகரத்தார் பக்கம் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் "அவர் சுவீகாரம் வந்தவர்" என்று யாரையாவது காட்டுவார்கள். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கவிஞர் கண்ணதாசன், சிறுவனாக இருந்தபோது 7,000 ரூபாய்க்குச் சுவீகாரம் போய், அந்த வீட்டில் நாராயணன் என்று அழைக்கப்பட்டவர். அன்று அது ஊரறிய நடந்த காரியம். ஒருவரும் தப்பாகப் பேசவில்லை.

இன்று அதே பணம் குற்றம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தத்துக்காகப் பணமோ பொருளோ கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அன்று பிள்ளை கூட்டியது வீட்டுக்காக. கொள்ளி வைக்க, தொழிலைப் பார்க்க, கோயிலில் புள்ளி (கோயில் கணக்கில் குடும்பத்துக்கு உள்ள இடம்) அற்றுப் போகாமல் இருக்க. அதனால்தான் பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையனாகப் பார்த்தார்கள். இன்றைய சட்டம் முதலில் குழந்தையைப் பார்க்கிறது. இந்தக் குழந்தைக்கு எந்த வீடு நல்லது என்றுதான் ஒவ்வொரு காகிதமும் கேட்கிறது. என் தம்பியே முதல் வருடம் "நமக்கு ஏன் இவ்வளவு சோதனை" என்று வருந்தினான். சோதனை நமக்கானது இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தையின் பாதுகாப்புக்கானது என்று புரிந்த பிறகு அவன் பதற்றம் குறைந்தது.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். மகனுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிடலாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 'உறவினர்' என்றால் அப்பச்சியின் உடன்பிறந்தவர்கள், ஆத்தாவின் உடன்பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளான ஐயா, அப்பத்தா, ஆயா. ஆக, அயித்தை (அத்தை) தன் சகோதரன் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். அதோடு டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், எல்லோரும் 'காரா' என்று சொல்கிறார்களே, அது தடையில்லாச் சான்று தர வேண்டும். இந்துச் சட்டப்படி தத்தெடுத்துக் குழந்தையை வெளிநாடு அழைத்துப் போவதாக இருந்தாலும் ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் சான்றும் இல்லாமல் முடியாது.

தடை வருவது அமெரிக்காவின் பக்கம். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்து, அந்தப் பிள்ளையை வளர்க்க வசதியும் இருந்தால், அமெரிக்கா அந்தக் குழந்தையைத் தத்துக்குரிய குழந்தையாக ஏற்பதில்லை. பெற்றவர்களால் முறையாகப் பராமரிக்க முடியாத நிலை இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மகன் காரைக்குடியில் கடை வைத்து நன்றாக இருக்கிறார் என்றால், அன்போடு கொடுக்கிறோம் என்பது அங்கே காரணமாகாது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. சிலர் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் நீர் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டு, அதற்குப் பிறகு விசாவுக்குப் போகிறார்கள். அமெரிக்க நடைமுறை இதற்கு நேர்மாறான வரிசையில் போகிறது. முதலில் பெற்றோருக்கு ஒப்புதல், அடுத்து அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்கு முன் ஒப்புதல், அதன் பிறகே தத்து. வரிசை மாறினால் பத்திரம் இந்தியாவில் செல்லும், விசா கிடைக்காது. பிள்ளை சட்டப்படி அயித்தையின் மகன். இருப்பதோ பெற்ற ஆத்தாவின் வீட்டில். அப்படி நிற்கும் ஒரு சிறுவனை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் கேட்டால் அவன் தரையைப் பார்க்கிறான். தயவுசெய்து விசா வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் வீட்டில் எந்தச் சடங்கையும் செய்யாதீர்கள்.

கிரீன் கார்டு இருக்கிறது, எச்-1பி விசா இருக்கிறது. அது போதுமா?

அமெரிக்காவுக்குப் போதாது. இந்தியாவும் அமெரிக்காவும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியா 2003-இல் சேர்ந்தது. அந்த வழியில் விண்ணப்பிக்க, தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். குடியுரிமை வர இன்னும் ஓரிரு வருடம்தான் என்றால் காத்திருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

இந்தியப் பக்கம் வேறு கணக்கு. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வாழ்பவருக்கு உள்நாட்டுக்காரரோடு சமமான இடம். வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர் அடுத்த படி. ஒரு குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவித்த நாளிலிருந்து 60 நாள் இந்தியக் குடும்பங்களுக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் வாய்ப்பு. அதற்குள் குடும்பம் அமையாவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்துக்கு அந்தக் குழந்தை வரும். அப்போதும் வேறு வெளிநாட்டாரைவிட இந்திய வம்சாவளியினருக்கு முன்னுரிமை உண்டு.

வயது வரம்பு?

தம்பதி இருவரின் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 85, இரண்டு முதல் நான்கு வரை 90, நான்கு முதல் எட்டு வரை 100, அதற்கு மேல் 110. தனியாக இருப்பவருக்கு 40, 45, 50, 55. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் நிலையான வாழ்க்கை வேண்டும். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தனிப் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. உறவினர் தத்துக்கு இந்தக் கூட்டு வயதுக் கணக்கு கிடையாது.

நம் பக்கம் மருத்துவம், வேண்டுதல் என்று வருடங்களைக் கடத்திவிட்டு நாற்பத்து நான்கு வயதில்தான் இதைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது கைக்குழந்தை கேட்டால் கூட்டு வயது இடம் கொடுக்காது. மருத்துவத்தை நிறுத்தச் சொல்லவில்லை. விவரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படித்தான் நடக்கும்?

தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஏஜென்சி. வெளிநாட்டில் இருப்பவர் நேராக இந்தியக் காப்பகத்துக்குப் போக முடியாது. அமெரிக்காவில் இருந்தால் காரா அங்கீகரித்த வெளிநாட்டு ஏஜென்சி வழியாகவே போக வேண்டும். இங்கேதான் எங்களுக்கு முதல் அடி விழுந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஏஜென்சியிடம் போனார்கள். அமெரிக்காவில் உரிமம் உள்ளதுதான், அன்பாகவும் பேசினார்கள். ஆனால் இந்தியாவுக்கான காரா பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஏழு மாதமும் 2,400 டாலரும் போய்விட்டன. காராவின் இணையதளத்தில் நாடு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. முதல் டாலர் கொடுக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

அடுத்து வீட்டாய்வு. ஒரு சமூகப் பணியாளர் பலமுறை வந்து பேசுவார். வருமானம், உடல்நலம், போலீஸ் சான்று மட்டும் இல்லை. உங்களை எப்படி வளர்த்தார்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், குழந்தை இல்லாத வருத்தத்தை எப்படித் தாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்பார். என் தம்பி மனைவி, தான் அழுததைச் சொல்லக் கூடாதோ என்று பயந்தாள். சொன்னதுதான் நல்லதாயிற்று. அறிக்கையில் அதை ஒரு பலமாக எழுதியிருந்தார்கள்.

பிறகு பெற்றோருக்கு ஒப்புதல் கேட்டு அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு ஐ-800ஏ படிவம். அந்த ஒப்புதல் 15 மாதம் செல்லும். முடியும் முன் நீட்டிக்க வேண்டும். தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். அதற்குப் பின் ஏஜென்சி காராவின் கேரிங்ஸ் தளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றும்.

குழந்தையின் விவரம் வரும்போது ஒரு புகைப்படம், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை வரும். தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் காட்டிக் கேட்பது நல்லது. ஏற்றுக்கொண்டு கையெழுத்திட 30 நாள் தருவார்கள். பிறகு அந்தக் குழந்தைக்கு ஒப்புதல் கேட்கும் ஐ-800 படிவம், அமெரிக்கத் தரப்பின் சம்மதக் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, காப்பகம் இருக்கும் மாவட்டத்து ஆட்சியரின் தத்து ஆணை. குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்பார்கள்.

ஆணை வந்த பின் ஹேக் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவுப்படி காரா ஒரு இணக்கச் சான்று தரும். அந்த ஒற்றைத் தாள்தான் அமெரிக்கா இந்தத் தத்தை ஏற்பதற்கு ஆதாரம். அப்புறம் குழந்தைக்குப் புதிய பிறப்புச் சான்று, இந்திய பாஸ்போர்ட், தத்துக் குழந்தைக்கான ஐஎச்-3 விசா. அந்த விசாவில் அமெரிக்க மண்ணில் இறங்கி, பெற்றோரோடு வாழத் தொடங்கும் குழந்தை தானாகவே குடியுரிமை பெறுகிறது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

தம்பிக்கு, வீணாய்ப் போன 2,400 டாலரைச் சேர்க்காமல், சுமார் 36,000 டாலர் ஆனது. இது அவன் கணக்கு. ஊருக்கு ஊர், ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும்.

இதில் இந்தியாவில் கட்ட வேண்டிய முக்கியத் தொகை ஒன்றே ஒன்று. காப்பகத்தின் குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 5,000 டாலர், நம் பணத்தில் 4 லட்சத்துக்கு மேல். ரசீது உண்டு. அதற்கு மேல் 'நன்கொடை' என்று காப்பகம் கேட்கவும் கூடாது, நாம் கொடுக்கவும் கூடாது. குழந்தை கைக்கு வந்த சந்தோஷத்தில் எங்கள் ஆத்தா அந்தக் காப்பகத்துக்கு ஒரு வேளை சாப்பாடாவது போட வேண்டும் என்றார்கள். அதையும் வேண்டாம் என்று தடுத்தோம். இங்கே நம் ஊர்க் கோயிலில் அன்னதானம் செய்தார்கள்.

பெரும் பங்கு அமெரிக்காவில்தான். ஏஜென்சிக் கட்டணம் பாதிக்கு மேல். வீட்டாய்வு சில ஆயிரம் டாலர். ஐ-800ஏ படிவத்துக்கு 2024 ஏப்ரல் முதல் 920 டாலர். அந்த ஒப்புதலை வைத்துப் போடும் முதல் ஐ-800 படிவத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. விசாவுக்கு 325 டாலர். ஒவ்வொரு சான்றிதழுக்கும் நோட்டரி, அப்போஸ்டில் முத்திரை என்று சில்லறையாகப் போகும் பணம் சேர்ந்து நல்ல தொகையாகிவிடும். எங்கள் கணக்கில் விட்டுப்போனது பயணமும் சம்பள இழப்பும். தம்பி மனைவி இந்தியாவில் பத்து வாரம் தங்கினாள், சம்பளம் இல்லாத விடுப்பில்.

ஒரு ஆறுதல்: அமெரிக்காவில் தத்துச் செலவுக்கு வருமான வரிச் சலுகை உண்டு. 2025 வரி ஆண்டுக்குக் குழந்தை ஒன்றுக்கு 17,280 டாலர் வரை. அதில் 5,000 டாலர் வரை, கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் கையில் கிடைக்கும். வருமானம் மிக அதிகமானால் சலுகை குறையும். எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

இதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று ஒரு அப்பச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். பணம் ஒரே நாளில் கேட்கப்படுவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகப் போகும். சேர்த்துச் சேர்த்துக் கட்டலாம்.

"ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தை இருக்கு, எட்டு லட்சம் கொடுத்தால் பிறப்புச் சான்றே உங்கள் பெயரில்" என்கிறார் ஒருவர். நம்பகமான ஆள்தான்.

போனை வையுங்கள்.

இது எங்களுக்கும் வந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர்தான் கொண்டுவந்தார். "ஏன் வருஷக்கணக்கில் அலையுறீங்க ஆச்சி" என்று பரிவோடுதான் கேட்டார். அந்தக் குழந்தையின் தாய் யார், அவள் அழுதாளா, அவளுக்கு யோசிக்க நேரம் கொடுத்தார்களா என்று நான் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

சட்டப்படி ஒரு தாய் குழந்தையை ஒப்படைத்தால் குழந்தைகள் நலக் குழுவின் முன்பாகத்தான் செய்ய வேண்டும். மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் உறவினரைத் தேடிப் பார்த்த பிறகே தத்துக்குத் தகுதி என்று அறிவிப்பார்கள். இதையெல்லாம் தாண்டிக் குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. பொய்ப் பிறப்புச் சான்றோடு வெளிநாட்டு விசாவுக்குப் போனால் மரபணுச் சோதனை கேட்கலாம். அப்போது குழந்தையை உங்கள் கையிலிருந்து பிரித்துக் கொண்டு போவார்கள்.

யாராவது குழந்தையைக் கொடுக்கத் தவிப்பதாகத் தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு.

கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதியிருக்கிறோம். அது திருமணச் சான்றாகுமா?

ஆகாது. நமக்கு அது பெரிய மரியாதைக்குரிய ஆவணம். வெளிநாட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் துறையின் திருமணச் சான்றுதான் வேண்டும். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். பெயரில் உள்ள முன்னெழுத்துகளையும் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று நம் பெயர்கள் இருக்கும். தம்பிக்கு இதற்கு மட்டும் மூன்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டி வந்தது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

2024-25-இல் நாடு முழுவதும் நடந்த தத்து 4,515. அதில் 4,155 உள்நாட்டுக் குடும்பங்களுக்கு. மீதி முந்நூற்றுச் சொச்சம்தான் வெளிநாடு போனது. ஆரோக்கியமான கைக்குழந்தைதான் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து காத்திருப்பவருக்கு மிக நீண்ட காத்திருப்பு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை, உடன்பிறந்தவர்கள் சேர்ந்து, உடல்நலத் தேவை உள்ள குழந்தை என்றால் விரைவாக அமையும். வெளிநாட்டுத் தத்தில் இவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்றால் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. என் தம்பி மகள், நாங்கள் உமையாள் என்று கூப்பிடும் பிள்ளை, பிறவியில் மேலுதடு பிளந்து அறுவை சிகிச்சை செய்தவள். மூன்றரை வயது. பிறந்து வளர்ந்தது ஒடிசாவில். தமிழ் ஒரு சொல் தெரியாது. பட்டியலில் அது 'சிறப்புத் தேவை'. நேரில் பார்த்தால் உதட்டுக்கு மேல் ஒரு மெல்லிய கோடு, பேச்சில் கொஞ்சம் மூக்கொலி. பேச்சுப் பயிற்சியும் இன்னொரு சிகிச்சையும் வேண்டும். அவ்வளவே.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி லேசாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். இதயக் கோளாறு, காது கேளாமை, வளர்ச்சித் தாமதம் என்று பலவிதம் உண்டு. எதை உங்களால் பார்த்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று வீட்டாய்விலேயே உண்மையாகச் சொல்லுங்கள். முடியாது என்று சொல்வதில் குற்றம் இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவதுதான் அந்தக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை.

நாங்கள் எதிர்பார்க்காதது வேறு. தடையில்லாச் சான்று வந்த பின், ஆட்சியர் ஆணைக்குக் காத்திருக்கும் நாட்களில், இந்தியாவுக்குள் குழந்தையைத் தற்காலிகமாக வளர்ப்புப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் அவளைக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். முதல் இரண்டு நாள் அழவே இல்லை, அதுவே எங்களுக்குக் கலக்கமாக இருந்தது. வீட்டின் இரண்டாம் கட்டுத் தரையில், ஆத்தங்குடிக் கல்லில் பூப் போட்ட இடத்தில் மட்டும் கால் வைத்து, ஓரத்து வரியை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடப்பாள். மூன்றாம் நாள் காலை படுக்கையை உதறினால் தலையணைக்கு அடியில் நான்கு மாவுருண்டை, ஒரு பாதி சீயம், எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஆத்தா திட்டுவார்களோ என்று பார்த்தேன். அவர்கள் எறும்பைத் தட்டிவிட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் புதிதாக ஐந்து உருண்டை போட்டு அதே தலையணை பக்கத்தில் வைத்தார்கள். தினமும் ராத்திரி அதை நிரப்பி வைத்தார்கள். நாள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறையவே இல்லை. டப்பா இருப்பதைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவாள். காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகள் பலர் இப்படிச் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள் என்று ஏஜென்சியின் பயிற்சி வகுப்பில் தம்பிக்குச் சொல்லியிருந்தார்களாம். ஆத்தா எந்த வகுப்புக்கும் போகவில்லை.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கும் இதே வழியா?

இந்தியப் பக்கம் காரா இல்லாமல் எவருக்கும் வழி இல்லை. ஆனால் அந்த இரண்டு நாடுகளும் ஹேக் உடன்படிக்கையில் சேராதவை. அங்கீகரித்த ஏஜென்சி இல்லாத இடத்தில் அந்நாட்டு அரசுத் துறை அல்லது நம் தூதரகம் வழியாக விண்ணப்பம் போகும். அங்கே குழந்தைக்குக் குடியுரிமை தானாக வருவதில்லை. தனியே விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2022-இல் நிறைவேறிய புதிய தத்துச் சட்டத்தில் பெற்றோரின் தகுதி ஆய்வு கட்டாயம். அங்கே நீண்ட காலமாக நம்மவர்கள் இருப்பதால், முன்பு யாரோ எளிதாகச் செய்ததைக் கேட்டுக்கொண்டு புறப்படுவார்கள். அந்தக் காலத்து வழி இப்போது இல்லை.

அமெரிக்கக் குடியுரிமையோடு காரைக்குடியிலேயே வந்து தங்கிவிட்டோம். நாங்கள்?

இந்தியாவில் வழக்கமாக வசிக்கும் ஓசிஐ அட்டைக்காரரும் வெளிநாட்டுக் குடிமகனும் காராவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் நாட்டுத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வீட்டாய்வு இங்கேயே நடக்கும்.

இங்கே இருக்கும் இந்தியர்கள் வேறு நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?

முடியும், ஆனால் மிக அபூர்வம். தத்து முதலில் அந்த நாட்டுச் சட்டப்படி அங்கேயே முடிய வேண்டும். ஹேக் நாடாக இருந்தால் காராவின் ஒப்புதல் கடிதங்களும் வேண்டும். குழந்தை வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருவதால் நம் தூதரகத்தில் நுழைவு விசா வாங்க வேண்டும். அந்த நாடுகளிலும் கதவுகள் குறைந்துகொண்டே வருகின்றன. சீனா 2024-இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிட்டது. உள்ளூரில் காத்திருக்கும் குழந்தைகளை விட்டு அவ்வளவு தூரம் போவானேன் என்பது என் அபிப்பிராயம்.

சொத்தில் உரிமை உண்டா? கோயிலில் ஏற்பார்களா?

சொத்தில் முழு உரிமை. பெற்ற பிள்ளைக்கு உள்ள அத்தனையும் தத்துப் பிள்ளைக்கு உண்டு, உயில் இல்லாமல் போனாலும். இதில் பங்காளிகளின் சம்மதம் தேவையில்லை.

கோயில் புள்ளி வழக்கம் வேறு. அது ஒன்பது கோயில் நகரத்தாரின் பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. சட்டம் அதற்குள் வராது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் வந்த மார்கழியில் பிள்ளையார் நோன்பு. இருபத்தோரு நூல் திரித்த திரியை இழை மாவில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் கையால் எல்லோரும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம். இவளுக்குக் கொடுப்பதா என்று கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கள் ஐயாவுக்குத் தொண்ணூற்றொன்று வயது. "பிள்ளையைக் கொண்டாங்கப்பா, சுடர் அணையப் போகுது" என்றார். சுடரைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். தம்பி மனைவி முதலில் வாங்கிக் காட்டிய பிறகு வாயைத் திறந்தாள். அதற்குப் பிறகு எவரும் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை முடிந்ததா?

இரண்டு வருடம் பின்தொடர் அறிக்கை உண்டு. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. சமூகப் பணியாளர் வந்து பார்த்துப் புகைப்படத்தோடு அனுப்புவார். இதற்கான கட்டணத்தையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

தத்து என்பதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், சின்ன வயதிலேயே. நம் ஊரில் பதினைந்து வயதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காயம் ஐம்பது வயதிலும் ஆறவில்லை.

பதினெட்டு வயதுக்குப் பின் தன் பூர்வீகத்தைத் தேடிக் கேட்கும் உரிமை தத்துப் பிள்ளைக்கு விதிகளிலேயே இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் இன்று நடுவயதில் திரும்பி வந்து, ஒரு பழைய பதிவேட்டின் ஒரு வரிக்காக அலைகிறார்கள். அதனால் கிடைக்கும் எதையும் தூக்கி எறியாதீர்கள். தத்து ஆணை, இணக்கச் சான்று, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, மருத்துவ அறிக்கை, முதல் புகைப்படம், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஒன்று தம்பி வீட்டில், ஒன்று வங்கிப் பெட்டகத்தில். மூன்றாவது இங்கே ஆத்தாவின் பீரோவில் இருக்கிறது. காப்பகத்திலிருந்து அவள் போட்டு வந்த மஞ்சள் கவுனும் அதே தட்டில், துவைக்காமல், துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.